அந்தத் தொப்பியை அப்பாவே வைக்கட்டும்

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் 26 ஆண்டுகள் பணியாற்றி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவருடைய பெரே தொப்பி, பதக்கங்கள், தோள்பட்டைச் சின்னங்கள் எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வழியனுப்பு விழாவில் பரிசாகக் கொடுக்க அவருடைய நண்பர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கு ‘நிழல் பெட்டி’ என்று பெயராம். ஓய்வு பெறும் வீரனின் நிழல் அவனுக்கு முன்னால் கரையைத் தொடக்கூடாது என்பதால் வந்த வழக்கம் என்கிறார் ஒருவர். அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. “தொப்பியைத் தனியாக எடுத்து வைப்பது இறந்தவர்களுக்குச் செய்வது” என்கிறார். தம்பியோ, விழாவில் அந்தத் தொப்பியைத் தான் அணிந்து நிற்க வேண்டும் என்கிறான். இந்த வழக்கங்கள் எங்கிருந்து வந்தன? நாங்கள் என்ன செய்வது? தொப்பியில் வியர்வைக் கறை இருக்கிறது. துவைத்துவிட்டுக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். துவைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம், சலவைக்கும் கொடுக்க வேண்டாம்.

படைவீரர்களின் சீருடைகளையும் தலையணிகளையும் பாதுகாப்பது என் தொழில். பூச்சி அரித்துக் கெட்ட தொப்பிகளைப் பார்த்து நான் அவ்வளவு வருந்துவதில்லை. வீட்டார் ஆசையாகத் துவைத்துக் கெடுத்த தொப்பி கைக்கு வரும்போதுதான் மனம் தாளாது. பெரே தொப்பி புதிதாக வரும்போது வடிவமே இல்லாத ஒரு கம்பளி வட்டம். படையில் சேர்ந்த இளைஞன் அதை வெந்நீரில் நனைத்து, குளிர்ந்த நீரில் முக்கி, பிழிந்து, ஈரத்தோடு தலையில் வைத்து, ஒரு பக்கமாகச் சரித்து இழுத்து, அது காயும்வரை கழற்றாமல் இருப்பான். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழைகளைச் சவரக் கத்தியால் மழித்துவிடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்த தொப்பி அந்த ஒருவன் தலைக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் வீட்டில் இருப்பது அப்பாவின் தலையின் அச்சு. ஒரே ஒரு சலவை போதும், அது மறுபடியும் வெறும் கம்பளி வட்டமாகிவிடும். உள்பட்டையில் இருக்கும் வியர்வைக் கறையும் அந்த அச்சின் ஒரு பகுதிதான், அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தது அம்மாவின் தயக்கம். அதைத் தயவுசெய்து மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அம்மா பார்த்ததைத்தான் சொல்கிறார். படைவீரரின் இறுதி ஊர்வலத்தில் கொடி போர்த்திய பெட்டியின் மீது அவருடைய தொப்பியை வைக்கும் வழக்கம் பல நாட்டுப் படைகளில் இருக்கிறது. ஆளில்லாத தொப்பி அந்த ஆளுக்கே ஈடாக நிற்கிறது. பழைய படைகளின் வரலாற்றிலும் இதற்குச் சான்று கிடைக்கும். துருக்கியின் ஜானிசரி படையினர் பின்புறம் நீளமான துணி தொங்கும் வெண்ணிறக் கம்பளித் தொப்பி அணிந்தார்கள். அந்தத் துணி, தங்கள் ஞானகுரு ஹாஜி பெக்தாஷ் ஆசி வழங்கியபோது ஒரு வீரனின் தலையில் படிந்த அவருடைய அங்கியின் கை என்று நம்பினார்கள். தொப்பியின் முன்புறம் கரண்டி செருகிக்கொள்ள ஓர் இடமும் இருந்தது. ஒரே அண்டாவிலிருந்து உண்பவர்கள் என்பதைக் காட்டும் அடையாளம் அது. 1826-இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அந்தப் படையையே அழித்தபோது, உயிரோடு இருந்தவர்களோடு விடவில்லை. கல்லறைக் கற்களின் உச்சியில் செதுக்கியிருந்த ஜானிசரித் தொப்பிகளையும் உடைத்தார்கள். பிறகு படைக்கு ஃபெஸ் என்ற சிவப்புக் குல்லாய் வந்தது. 1925-இல் துருக்கிக் குடியரசு அந்தக் குல்லாயையும் சட்டம் போட்டு நீக்கியது.

இதற்கு நாம் துருக்கி வரை போகவே வேண்டாம். 1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக்கின் நிர்வாகம் சிப்பாய்களுக்குப் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றிக் குறி கூடாது, காதணி கூடாது, முகவாயை மழிக்க வேண்டும், பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தோல் குச்சம் வைத்த புதிய தலையணி அணிய வேண்டும். ஐரோப்பியர்களைத் ‘தொப்பிக்காரர்கள்’ என்றே மக்கள் குறிப்பிட்ட காலம் அது. தலையில் தொப்பி ஏறினால் ஊரில் தன்னை யாராகப் பார்ப்பார்கள் என்ற அச்சம் சிப்பாய்க்கு வந்தது. 1806 மே மாதமே வேலூரில் சிலர் அணிய மறுத்தார்கள், அவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. ஆங்கிலேயர் தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தபோது இறந்த சிப்பாய்கள் அதைவிடப் பல மடங்கு. கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளும், ஊதியக் குறைகளும் என்று வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. ஆனால் தீப்பற்றிய இடம் தலைப்பாகைதான். பின்னர் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது, கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

படைவீரன் தலையில் இருப்பது துணியானாலும் பூவானாலும் இதே கதைதான். பசுக்கூட்டத்தைக் கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, மதில் காத்தால் நொச்சி, வென்றால் வாகை என்று போருக்கொரு பூவைச் சூடிப் போனவர்கள் நம் பழைய வீரர்கள். பனம்பூவைக் கண்டால் சேரன் ஆள், வேம்பைக் கண்டால் பாண்டியன் ஆள், ஆத்தியைக் கண்டால் சோழன் ஆள். எந்த வேந்தனுக்காக உயிரைக் கொடுக்கப் போகிறான் என்பதைத் தலை சொன்னது. ஆகவே அம்மாவிடம், “நீ சொல்வது சரிதான், அது வெறும் தொப்பி இல்லை” என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, உயிரோடு ஓய்வு பெற்றவர்களின் தொப்பிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்று சொல்லுங்கள். அது ரோமாபுரியில் தொடங்குகிறது, ஆனால் தொப்பியோடு அல்ல.

ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துக்கு முன்பு ஒரு வீரன் ஓய்வுபெற்றால் என்ன கிடைக்கும் என்பது அவன் தளபதியின் தயவைப் பொறுத்தது. அதனால் வீரர்களின் விசுவாசமும் அந்தந்தத் தளபதியின் மேல்தான் இருந்தது, உள்நாட்டுப் போர்கள் ஓயவில்லை. அகஸ்டஸ் கி.பி. 6-இல் படைவீரர்களுக்கென்று தனிக் கருவூலம் ஒன்றை நிறுவினார். தன் சொந்தப் பணம் 17 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை அதில் போட்டார். வாரிசுச் சொத்துக்கு 5 விழுக்காடும் ஏல விற்பனைக்கு 1 விழுக்காடும் வரி விதித்து அதை நடத்தினார். 20 ஆண்டுகள் பணியாற்றிய வீரனுக்கு 12,000 செஸ்டர்ஸ். இன்றைய பென்ஷனுக்கு மூதாதை என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் காகிதத்தில் இருப்பது கைக்கு வருவது அன்றும் எளிதாக இல்லை. கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்தவுடன் ரைன் நதிக்கரைப் படைகள் கலகம் செய்தன. முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகியும் தங்களை விடுவிக்கவில்லை என்பது முறையீடு. சமாதானம் பேச வந்த தளபதி ஜெர்மானிக்கஸின் கையை, முத்தமிடுவதுபோல் பிடித்துத் தங்கள் வாய்க்குள் விட்டு, பல் இல்லாத ஈறுகளைத் தடவிப் பார்க்கச் செய்தார்கள் கிழவர்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ஓய்வு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈறுகள் நினைவுக்கு வரும்.

ரோமின் துணைப்படைகளில் பணியாற்றிய, குடியுரிமை இல்லாத வீரர்களுக்கு 25 ஆண்டுகளுக்குப் பிறகு ரோமானியக் குடியுரிமை கிடைத்தது. அதற்குச் சான்றாக வெண்கலத் தகடுகள் இரண்டைக் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஏழு சாட்சிகளின் முத்திரையோடு கொடுத்தார்கள். கிடைத்தவற்றில் மிகப் பழையது கி.பி. 52-ஐச் சேர்ந்தது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே வாசகத்தை வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் பொறித்தார்கள். வெளியே இருப்பது எல்லோரும் படிக்க. யாராவது அதைத் திருத்திவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தால் முத்திரையை உடைத்து உள்ளே இருப்பதோடு ஒப்பிடலாம். உங்கள் பெட்டிக்கும் இதையே சொல்வேன். அப்பாவின் பணிவிடுப்புச் சான்றிதழை வைக்க ஆசைப்பட்டால் நகலை வையுங்கள். மூலம் ஒருநாளும் சுவருக்குப் போகக்கூடாது. பென்ஷனுக்கும் மருத்துவத்துக்கும் நாளைக்கு அம்மாவுக்கும் தேவைப்படுவது அதுதான். விழா ஏற்பாட்டில் தொப்பிக்கு இருக்கும் கவனம் இந்தத் தாளுக்கு இல்லாமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஓய்வும் தொப்பியும் ஒன்று சேர்ந்ததை நாம் தெளிவாகப் பார்ப்பது 17-ஆம் நூற்றாண்டில். நிரந்தரப் படைகள் பெருகியபின் போரில் ஊனமுற்றவர்களும் முதியவர்களும் தெருவில் கையேந்தி நின்றார்கள். பிரான்சின் 14-ஆம் லூயி 1670-இல் பாரிசில் அவர்களுக்காக ஒரு மாளிகை கட்ட ஆணையிட்டார். இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் 1682-இல் லண்டன் செல்சியில் ஒன்றைத் தொடங்கினார், கட்டியவர் கிறிஸ்டோபர் ரென். அங்கே முதியோர் குடியேறியது 1692-இல். அந்த இல்லம் இன்றும் நடக்கிறது. சேர்பவர்கள் தங்கள் ராணுவப் பென்ஷனை ஒப்படைத்துவிட்டு உணவும் உறைவிடமும் பராமரிப்பும் பெறுகிறார்கள். விழா நாட்களில் சிவப்பு நீளக் கோட்டும் மும்முனைத் தொப்பியும் அணிந்து வரிசையில் நிற்கிறார்கள். அந்தத் தொப்பி 18-ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அகன்ற விளிம்புத் தொப்பியின் ஓரங்களை மூன்று பக்கம் மடித்துவிட்டால் கிடைக்கும் வடிவம் அது. படையில் அது ஒழிந்து இரு நூற்றாண்டுகள் ஆகின்றன, ஓய்வுபெற்றவர் தலையில் மட்டும் உயிரோடு இருக்கிறது. அம்மாவுக்கு இந்த முதியவர்களின் படம் ஒன்றைக் காட்டுங்கள். நான் நூறு வரி எழுதுவதைவிட அது நன்றாகப் பேசும்.

இப்போது நிழல் கதை. கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிக்கு முன்னால் அவன் நிழல் கரையைத் தொட்டால் கேடு, எனவே தோழர்கள் அவனுடைய சின்னங்களை ஒரு பெட்டியில் அடைத்து அதையே அவன் ‘நிழலாக’ முன்னே அனுப்பினார்கள் என்பது மாலுமிகள் சொல்லும் கதை. அமெரிக்கப் படைகளின் ஓய்வு விழாக்களில் இதை மேடையில் வாசிப்பதும் உண்டு. அழகான கதை, நானும் ரசிக்கிறேன். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் ஆழம் விட்டு, உள்ளே வைத்த பொருளின் நிழல் பின்பலகையில் விழும்படி செய்யும் சட்டகத்தை, கடலையே பார்க்காத ஓவியர்களும் கைவினைஞர்களும் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். பெயர் முதலில் வந்தது, கதை அதன் மேல் படர்ந்தது என்பது என் கணிப்பு. நண்பர் அதை விழாவில் சொல்ல விரும்பினால் சொல்லட்டும், “மாலுமிகள் சொல்வார்கள்” என்று தொடங்கினால் போதும்.

கடற்படையின் ஊதல் மரியாதைக்கு இப்படிப்பட்ட சந்தேகம் இல்லை. பாய்மரக் கப்பல் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது வருகிறவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் கயிற்றால் மேலே தூக்குவார்கள். எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது என்று கயிறு பிடிப்பவர்களுக்கு ஊதலால் சொல்வார்கள். நாற்காலி போய்விட்டது, ஊதல் மரியாதையாக நின்றுவிட்டது. ஓய்வுபெறுபவர் இரு வரிசை மாலுமிகளுக்கு நடுவே நடந்து போக, அவருக்காகக் கடைசி முறை ஊதுகிறார்கள். பதவியிலிருந்து விடைபெறும் கப்பல் தலைவரைக் கீழ்நிலை அதிகாரிகளே துடுப்பு வலித்துக் கரைசேர்ப்பது பிரிட்டிஷ் கடற்படை மரபு. இந்தியப் படைகளில் விடைபெறும் தளபதியை ஜீப்பில் ஏற்றி, பூக்கள் கட்டிய வடத்தால் சக வீரர்களே இழுத்துச் செல்கிறார்கள். துடுப்பு வலித்தல், வடம் வலித்தல் என்று நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். கப்பல்காரர்களின் ஆங்கிலத்திலும் அப்படியே இருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம். நேற்றுவரை ஆணையிட்டவரை, ஆணைக்குக் கீழ்ப்படிந்தவர்கள் தங்கள் உடல் உழைப்பால் அனுப்பிவைக்கிறார்கள். எல்லா விடைபெறல் வழக்கங்களிலும் என் மனத்துக்கு நெருக்கமானது இது. ஒரு ஜீப்பும் கயிறும் கிடைக்குமானால் அப்பாவின் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தம்பியின் ஆசைக்கு வருகிறேன். அவன் அன்பு எனக்குப் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். சின்னத்தோடு கூடிய படைத் தொப்பியை உரிமையில்லாதவர் அணிவது பல நாடுகளில் சட்டச் சிக்கல். அதைவிட, அப்பாவோடு நின்ற வீரர்களுக்கு அது உறுத்தும். ஒவ்வொரு பெரேயின் நிறத்துக்கும் பின்னால் ஓர் உழைப்பு இருக்கிறது. பிரான்சின் மலைப்படையினர் 1889-இல் இருந்து நீலப் பெரே அணிகிறார்கள். அதைப் பார்த்து வந்த பிரிட்டிஷ் டாங்கிப் படைக்கு 1924-இல் கறுப்புப் பெரே அனுமதிக்கப்பட்டது. எண்ணெய்க் கறை தெரியாது, விளிம்பில்லாததால் டாங்கிக்குள் எதிலும் இடிக்காது. 1942-இல் வான்குடைப் படைக்கு மெரூன், கமாண்டோக்களுக்குப் பச்சை. அந்த நிறத்தைப் பயிற்சியில் ஈட்ட வேண்டும், அப்பாவிடமிருந்தும் கடன் வாங்க முடியாது.

தம்பிக்கு வேறு வேலை இருக்கிறது. கடைசி சல்யூட் அடித்தபின் அப்பா தொப்பியைக் கழற்றும்போது அதை இரு கையாலும் வாங்கிக்கொள்ளட்டும். சல்யூட்டே தொப்பியிலிருந்து பிறந்ததுதான். முன்பெல்லாம் அதிகாரியைக் கண்டால் வீரர்கள் தொப்பியைக் கழற்றி வணங்குவார்கள். 1745-இல் பிரிட்டனின் கோல்ட்ஸ்ட்ரீம் காவல்படைக்கு ஓர் ஆணை வந்தது. இனிக் கழற்ற வேண்டாம், கையைத் தொப்பிக்குக் கொண்டுபோய்த் தலை தாழ்த்தினால் போதும் என்றது அது. கவச வீரர்கள் முகமூடியைத் தூக்கி முகம் காட்டியதிலிருந்து சல்யூட் வந்தது என்ற கதையைவிட இதற்கு ஆவண பலம் அதிகம்.

பெட்டி செய்யும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் இரண்டு தொப்பிகள் இருந்தால், அவருக்கு வசதியாக இருப்பதைப் பெட்டியில் பூட்டாதீர்கள். நினைவு நாட்களிலும் ரெஜிமெண்ட் சந்திப்புகளிலும் ஓய்வுபெற்றவர்கள் பெரே அணிந்து வருகிறார்கள், அவருக்கும் வேண்டியிருக்கும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆணி அடித்து மூடாமல், கதவு வைத்த பெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள்.

வைப்பதற்கு முன் சின்னத்தைக் கழற்றிவிட்டு, தொப்பியை மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள். பிறகு பாலிதீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, நன்றாக மூடி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். அந்துப்பூச்சி முட்டைகள் இருந்தால் அழியும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்துத்தான் பையைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த கம்பளியில் ஈரம் படியும். சின்னத்தை மெருகுத் தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள், இடுக்கில் தங்கும் மிச்சம் பின்னால் பச்சையாகப் பூத்து உலோகத்தையும் கம்பளியையும் கெடுக்கும். உலர்ந்த பருத்தித் துணி போதும். பெட்டிக்கு அழுத்திச் செய்த மரத்தூள் பலகையும் ஒட்டுப்பலகையும் வேண்டாம், அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி பதக்கங்களைக் கெடுக்கும். பசையால் எதையும் ஒட்ட வேண்டாம். பஞ்சு அடைத்த, கஞ்சியில்லாத வெள்ளைப் பருத்தித் துணியால் அப்பாவின் தலை அளவுக்கு ஒரு சிறு மெத்தை செய்து, அதன் மேல் தொப்பியைச் சரித்து வையுங்கள். கண்ணாடி தொப்பியைத் தொடக்கூடாது. வெயில் படாத உட்சுவரில் மாட்டுங்கள். வெளிச்சத்தால் போன நிறம் திரும்பி வராது.

மேடையில் அந்தப் பெட்டி தொப்பி இல்லாமல் வரட்டும். அப்பாவின் பெயர் எழுதிய தகடும், பதக்கங்களும், நகல் சான்றிதழும் மட்டும் உள்ளே இருக்கட்டும். தொப்பி மேடையில் அவர் தலையில் இருக்கட்டும், கடைசி சல்யூட்டுக்குப் பிறகு தம்பியின் கையில் இருக்கட்டும். பூச்சிக்கான வேலை முடிந்து, வீட்டில் ஒரு மாலையில், அவரே பெட்டியைத் திறந்து அதை வைப்பார். மாலை போட வேண்டாம், விளக்கும் வேண்டாம். அம்மாவின் தயக்கம் அதோடு தீரும் என்று நினைக்கிறேன், உயிரோடு இருப்பவர் தன் கையால் தன் தொப்பியை வைப்பதை அவரே பக்கத்தில் நின்று பார்ப்பார் அல்லவா.

அதற்கு முன்பு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பாவின் அருகில் உட்காருங்கள். இந்தத் தொப்பி எந்த ஆண்டு கைக்கு வந்தது, எங்கெல்லாம் போயிற்று, வடிவம் வர எத்தனை முறை நனைத்தார் என்று கேளுங்கள். மை ஈரத்தில் பரவும், பென்சிலால் எழுதி மெத்தைக்கு அடியில் வைத்துவிடுங்கள். நெற்றிப் பட்டையில் இருக்கும் அந்தக் கறை எந்த ஊர் வெயிலில் வந்தது என்பது முதல் வரியாக இருக்கட்டும்.